கொக்கி இருந்த இடம்

பக்கத்து வீட்டுத் தெய்வானையக்கா, கணவரோடு சேர்ந்து குமாரபாளையத்தில் ஆசையாகக் கட்டிய வீடு அது. கான்கிரீட் போடும்போதே தொட்டில் கட்ட ஹாலில் கொக்கி வைக்கச் சொன்னவர் கணவர்தான். தொட்டில் கட்டும் வேளை வரவேயில்லை. படுத்தால் அக்காவின் கண் நேராக அந்தக் கொக்கியில்தான் போய் நிற்கும். போன தையில் அவரும் போய்ச் சேர்ந்துவிட, வீட்டை விற்கத் துணிந்தாள்.

"ஃபால்ஸ் சீலிங் போட்டு லைட் வெச்சா நல்ல வெலைக்குப் போகுமுங்க. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார் புரோக்கர். எவர் கேட்டார்களோ, அவருக்கே வெளிச்சம். அக்கா தலையாட்டினாள். வெள்ளைப் பலகை கொக்கியை மூடியது.

"தொல்லை உட்டுது" என்றாள் என்னிடம்.

வீடு பார்க்க இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கியது. விளக்குகளை அவள் கண்டுகொள்ளவே இல்லை. "தொட்டில் கட்டக் கொக்கி இல்லீங்களா?" என்று கேட்டாள்.

புரோக்கர் வாய் திறப்பதற்குள், "இருக்குது சாமி, மூடியிருக்குது" என்றாள் அக்கா. வழுவழுவென்ற அந்த வெள்ளையில் ஓர் அடையாளமும் இல்லை. அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கிய விரல் சரியாக அங்கேயே போய் நின்றது.