மேடத்திடம் ஒரு கேள்வி

விதி சுருக்கமானது. தனக்குச் சம்பந்தமில்லாத மனு ஒன்று ஓர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால், அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தை மனுதாரருக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். சித்தூரில் முப்பத்து நான்கு வருடம் அரசு வேலை பார்த்தபோது, புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு இதை வாய்ப்பாடு போல ஒப்பித்திருக்கிறேன். சென்ற வருடம் அந்த ஒரு வரிக்காக நானே காத்திருந்தேன். அது வரவில்லை. வராமல் போனது நல்லதாயிற்று என்று இப்போது தோன்றுகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஓர் அலுவலகத்தின் மௌனத்துக்கு நன்றி சொல்வது அபூர்வம், அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது ஆந்திராவில், சித்தூரை அடுத்த பாகாலாவில். எங்கள் தெருக்கோடியில் ஓர் அரசுப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் ஓர் அறையில் பதினான்கு பெண்பிள்ளைகள் கூடுவார்கள். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிறவர்கள். பெண்பிள்ளைகளைத் தைரியமாக நாலு பேருக்கு முன்னால் நிற்க வைக்கும் ஓர் அமைப்பின் கிளை அது. ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு பெண் வாரக்கடைசியில் ஊருக்கு வந்து நடத்துவாள். எல்லாருக்கும் அவள் அக்கா. கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள், கைதட்டுவார்கள், பிஸ்கட் தின்பார்கள், கலைந்துபோவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு தபால் நிலையத்தில் மாறியது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பொடிப்பெண் ஒருத்தி, கவுண்டர் எட்டாததால் எக்கி நின்று, வாசலில் இருக்கும் பெட்டியில் காலையில் எத்தனை மணிக்குக் கடிதம் எடுப்பீர்கள் என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் எதற்கு என்றார். தெரிந்துகொள்ள என்றாள். பதில் வரும்வரை நகரவில்லை. பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுடைய வழக்கம். ஒவ்வொரு பெண்ணும் வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கவுண்டருக்குப் போக வேண்டும். வங்கி, ரேஷன் கடை, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, எதுவானாலும் சரி. கூடப் பெரியவர்கள் வரக் கூடாது. கேள்வி உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும். பதில் வாங்காமல் திரும்பக் கூடாது. திட்டு கிடைத்தால் திட்டை எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டில் நான்கு கட்டங்கள்: கேள்வி, யாரிடம், பதில், பதில் வந்த தேதி. எங்கள் அலுவலகத்துப் பதிவேடுகளில் நான்காவது கட்டத்தை நிரப்ப வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் நான் வேலையில் சேரப் போனபோது அண்ணன் கூட வந்தார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார், டைப்பிங் தெரியுமா என்று. அண்ணன் ஓரடி முன்னால் வந்து, தெரியும் சார் என்றார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விதிகள்மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். விதி தெரிந்தவளிடம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூனில் பள்ளி திறந்தபோது புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்துவிட எழுத்துமூலமான அனுமதி எங்கே என்று கேட்டார். பழையவர் வாய்வார்த்தையில் சாவியைக் கொடுத்துவந்திருந்தார். புதியவர் கதவைப் பூட்டினார். அவர் செய்தது சரி. அதுதான் எரிச்சல். அவர் நாற்காலியில் இருந்தால் நானும் பூட்டியிருப்பேன்.

பிள்ளைகள் ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தின் கடைசிக்கு மாறினார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. மாதத்துக்கு ஒருத்தி தலைவியாக இருப்பது அவர்கள் முறை. அந்த மாதத் தலைவி பத்தாவது படிக்கிற பெண். அவளுடைய அப்பா சீசனில் மாங்கூழ் ஆலையில் மூட்டை தூக்குகிறவர், மற்ற மாதங்களில் சர்க்கார் பட்டா கொடுத்த ஓர் ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறவர். அவர் தகப்பனாருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆகவே முத்திரை வைத்த காகிதத்தின்மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குக்கூடக் கிடையாது. அவர் என் வாசலுக்கு வந்து தன் முடிவைச் சொன்னார்.

“கெவர்மெண்டு ரூமுன்னா அனுப்பறேன் மேடம். ரயிலு பிளாட்பாரத்துல குந்திக்கினு இன்னா மீட்டிங்கு? போறவன் வர்றவன்லாம் பாக்கறான்.”

அன்றோடு அவள் நின்றுவிட்டாள். பத்தாவது முடிந்ததும் இந்த ஊர் சுற்றுகிற வேலையெல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடப்பதாகவும் அக்கா சொன்னாள். அப்படிப்பட்ட பேச்சு படிப்பையும் நிறுத்துவதில்தான் போய் முடியும் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உடனே நான் களத்தில் இறங்கினேன். மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். பிள்ளைகள்தான் கேட்க வேண்டும், பெரியவர்கள் கூடாது என்பது எங்கள் வழக்கம் ஆயிற்றே மேடம் என்று அக்கா தயங்கினாள். இது விதிவிலக்கு என்றேன். விதிவிலக்கு என்பது விதி தெரிந்தவர்கள் நின்ற இடத்தில் உண்டாக்குவது. தெலுங்கில் மூன்று பக்கம். பொருள், பார்வை, ஐந்து இணைப்புகள். பிள்ளைகள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். தலைவியின் கையெழுத்தை அவள் வீட்டுக்கே போய் வாங்கினேன். மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, முப்பது நாளில் பதில் வரும் என்று ஆணி அடித்த மாதிரிச் சொன்னேன்.

ஜூலை போயிற்று. ஆகஸ்டும் போய்க்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் கூட்டம் நடந்தது. புதுத் தலைவியை மட்டும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய தலைவி கூட்டத்துக்கு நேரில் வந்து, தன்னிடம் இருக்கும் கிளையின் பொது நோட்டை ஒப்படைத்தால்தான் அடுத்தவள் பொறுப்பேற்க முடியும் என்பது அவர்கள் விதியாம். அவள் வர முடியாது, ஆகவே அவள்தான் இன்னும் தலைவி. இப்படி ஒரு விதியை இவ்வளவு அன்பாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்குப் போகிற வழியில் அவள் என் வாசலில் வந்து நின்றாள். யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல், கையில் அந்த நோட்டு. கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் வாரக் கேள்வியை அவள் விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இந்த வாரம் கேள்வி உங்களுக்கு மேடம்.”

“நான் என்ன கவுண்டரா?”

“நாங்க எல்லாரும் பயப்படற கவுண்டரு மேடம்.” சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு நோட்டைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். “நம்ப பாகாலாவு இப்ப திருப்பதி ஜில்லாவுலதான கீது? நீங்க ஏன் சித்தூருக்கு எழுதினீங்க?”

மாவட்டத்தைப் பிரித்துச் சில வருடங்கள் ஆகின்றன. பிரித்த அன்று காலையில் செய்தித்தாளில் வரி விடாமல் படித்தவள் நான். ஆனால் மனு எழுத உட்கார்ந்ததும் என் கை முப்பத்து நான்கு வருடப் பாதையில் நேராகச் சித்தூருக்குப் போயிருக்கிறது. என் சொந்தக் கடிதங்களில்கூட இன்றைக்கும் சித்தூர் மாவட்டம் என்றுதான் எழுதுகிறேன். தபால்காரர் பின்கோடைப் பார்த்து மன்னித்துவிடுகிறார்.

“உனக்கு எப்போ தெரிஞ்சது?”

“கையெழுத்துப் போடும்போதே.”

“அப்போ ஏன் சொல்லலே?”

“நீங்க மேடமாச்சே. உங்களுக்குத் தெரியாதது எனக்கா தெரியப்போவுதுன்னு உட்டுட்டேன். ரெண்டு மாசமா ஊட்லயே குந்திக்கினு யோசிச்சேன். கேக்காத வுட்டது என் தப்பு.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். பணிக்காலத்தில் எத்தனையோ விளக்கக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தவறு வேறு ஏதோ பிரிவில் நடந்திருக்கும். அன்று வேறு பிரிவு இல்லை.

“தப்பு என்னோடதுதான். பழக்கத்துல எழுதிட்டேன்.”

எழுதிக்கொண்டாள். சரியா என்று எனக்கே வாசித்துக் காட்டினாள். சரி என்றேன். அவள் போனாள். வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பெண்ணைக் கைவிட்டது யார் என்று தெரியாமல் ஊரில் இருக்கும் எல்லா அலுவலகத்தையும் சபித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்த தவறைத் திருத்த ஒரு முழுத்தாள்கூடத் தேவையில்லை.

அரைத்தாள்தான் ஆயிற்று. அதை அவளே எழுதினாள். எங்கள் மாநிலத்தில் திங்கட்கிழமை மாவட்டத் தலைநகரில் மனு வாங்கும் நாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா கூட வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் நானும் அழைக்கப்பட்டேன். பாசஞ்சர் ரயிலில் திருப்பதிக்குப் போனோம். மனுவில் இணைப்புப் பட்டியல் இல்லை, பார்வை எண் இல்லை. நிபந்தனையை மதித்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, பெண்ணைத் தாண்டி அவள் அப்பாவைப் பார்த்து, என்ன பிரச்சினை என்று தெலுங்கில் கேட்டார். அப்பா தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நேனு காது சார். மா அம்மாயி.”

நான் இல்லை, என் பெண் என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

எனக்கு எதிரில் இருந்த சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

அறையில் ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டார். அந்த மாதத் தலைவி சாவிக்குக் கையெழுத்துப் போடுவாள், பொறுப்பும் அவளுடையது என்றாள். ஒரு வருட நோட்டைப் புரட்டிக் காட்டினாள். அவர் சில பக்கங்களைப் படித்தார். ஒரு பக்கத்தில் லேசாகச் சிரித்தார். என்னைப் பற்றிய பக்கமாக இருக்கலாம். பார்த்துச் செய்கிறோம், போய் வாருங்கள் என்றார். அவள் போகவில்லை. பதில் யாரிடமிருந்து வரும், எப்போது வரும், யார் பெயருக்கு வரும் என்று கேட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் மூன்றுக்கும் பதில் சொன்னபிறகுதான் நோட்டை மூடினாள்.

திரும்பும்போது அப்பா அவித்த வேர்க்கடலை வாங்கி அவள் மடியில் போட்டார். “துன்னு. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அவரு கேள்வி கேட்டா பதில் சொல்லணும் மேடம். இவ திருப்பி அவரையே கேக்கறா. எனக்கு வேர்த்துப்பூட்ச்சி.” அதில் புகார் இருந்த மாதிரித் தெரியவில்லை.

சில வாரம் கழித்துப் பதில் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் நெற்றியில் பெரிய நாமம் போட்டிருந்தார். அவள் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“அவ பேருக்கு வந்துகீது மேடம். நான் பிரிக்கலாமா?”

பெயர் யாருடையதோ அவர்தான் பிரிக்க வேண்டும் என்றேன். அந்த விதியைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. இரண்டு பேரும் பள்ளி மணி அடிக்கும்வரை வாசலில் நின்றோம்.

அவள் உறையை ஓரத்தில் கிழித்துப் படித்தாள். ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, சாவிக்குக் கையெழுத்து, அறையைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். அனுமதி. காகிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் எழுத்துகளை விட்டுவிட்டு அடியில் இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான?” என்றார். “போய்ட்டு வா.”

நல்ல காரியம் செய்கிறவர்களுக்குச் சால்வை போர்த்துவது வழக்கம். எனக்கு அது கைவராது, குறிப்பு எழுதத்தான் வரும். மறுநாள் அந்த அறையில் அவள் நோட்டை அடுத்தவளிடம் ஒப்படைத்ததைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கொடுப்பதற்கு முன், அறை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேரே ஜூனிலிருந்து காலியாகக் கிடந்த நான்காவது கட்டத்தை அவள் நிரப்பினாள். பதில் வந்த தேதி: புரட்டாசி முதல் சனிக்கிழமை.