மாசாணம் பால் மறக்கடித்த கதை

நான் அஞ்சாவதுகூடத் தாண்டாதவன். ஆனால் வெள்ளகோவில் வட்டாரத்தில் பன்றிப் பண்ணை என்று கேட்டால் என் பண்ணையைத்தான் கை காட்டுவார்கள். இரண்டே தாய்ப்பன்றிகளில் ஆரம்பித்து, கேரளத்து லாரி வாசலில் வந்து காத்து நிற்கும்படி செய்தவன் நான். என்னிடம் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர்கள் பலர். எனக்கு எழுதத் தோன்றுவதோ மாசாணத்தைப் பற்றித்தான்.

வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். மனைவி இறந்து, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மலையிறங்கி என்னிடம் வந்தான். குட்டி போடும் கொட்டகையை அவனிடம் விட்டேன். அங்கே தாய்ப்பன்றி திரும்பக்கூட முடியாத கம்பிக் கூண்டுக்குள் கிடக்கும். குட்டி நசுங்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மூன்று வாரமானதும் குட்டிகளைப் பிரித்து வேறு கொட்டகைக்குத் தள்ளிவிடுவோம். தாய் சீக்கிரம் மறுபடி சினை பிடிக்க வேண்டுமே.

பிரித்த அன்று குட்டிகள் போடும் கூச்சலில் மாசாணத்துக்குச் சோறு இறங்காது. குட்டிகள் ஒன்றன் வயிற்றை ஒன்று முட்டி முட்டி மடி தேடும். தீனி தொடாமல், கழிச்சல் கண்டு சிலது செத்தும் போகும்.

ஒரு நாள் வந்து நின்றான். "ஏனுங்கண்ணா, இன்னொரு வாரம் தாய்கோட உட்டா என்னங்க? தீனி திங்கப் பழகிப்போட்டுப் பிரிஞ்சா அழுகாதுங்க."

"அந்த ஒரு வாரச் செலவுக்கு வால்பாறையில இருந்து தேயிலையா கொண்டாந்து போடுவே?"

என் மனைவி ராசாத்தாள் உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். "உங்களுக்கு மூணு வயசு வரைக்கும் உங்கம்மா பால் குடுத்தாங்கன்னு ஊரே சிரிக்குது. குட்டிக்கு ஒரு வாரம் பொறுக்காதாக்கு?"

"சரி, ஒரு தாயை எடுத்துக்க. குட்டி கெடாம பிரிச்சுக் காட்டு, பண்ணை பூரா மாத்திப்போடறேன்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான், அது அவனுக்கும் தெரியும்.

கூண்டிலிருந்து தாயை அகலமான அறைக்கு மாற்றி, கீழே சோளத்தட்டைப் பரப்பினான். மூன்று வாரம் தாண்டியது. குட்டிகள் துள்ளி விளையாடின. கரைத்து வைத்த தீனியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு மடிக்கே ஓடின. கெடு நெருங்க நெருங்க அவனுக்குப் பதற்றம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிக்கச் செய்வதை அவனும் செய்தான். யாரையும் கேட்காமல் காம்புகளில் எல்லாம் வேப்பெண்ணெய் தடவிவிட்டான்.

வாய் வைத்த குட்டிகள் உதறிக்கொண்டு ஓடின. அவனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பால் மறக்கும் பிள்ளைக்குச் சோறு தின்னத் தெரிந்திருக்கும். இவற்றுக்கு அது தெரியாதே. பால் இறங்காத மடி கல்லாக இறுகி, தாய்க்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் ஊசி போட்டுத் தாயைக் காப்பாற்றினார். குட்டிகளில் பாதி போய்விட்டது.

"என்னப்பா இப்படிப் பண்ணிப்போட்டே?" என்றேன்.

"என்ற புள்ளைக்கு அப்படித்தானுங்க மறக்கடிச்சோம். ரெண்டு நாள் சிணுங்கிப்போட்டு உட்டுட்டா. இதுகளும் அதாட்டந்தானேன்னு…"

"சரி உடு. இன்னொரு தாயைப் பாரு. எண்ணெய் மட்டும் வேண்டாம்."

"வேண்டாமுங்க. முன்ன அழுதாலும் முக்காவாசி உசுரோட இருந்துதுங்க. அழுகாம பண்றேன்னு நான் கொன்னுபோட்டேன்."

எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

அடுத்த தாயை நானே பார்த்தேன். தினமும் கொஞ்ச நேரம் தாயை வெளியே ஓட்டிவிட்டால், பசித்த குட்டி தானாகத் தீனியில் வாய் வைக்கிறது. நாலு வாரத்தில் பிரித்தபோது பழைய கூச்சல் இல்லை. இப்போது பண்ணை முழுக்க அப்படித்தான். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள், பேர் என்னவோ எனக்குத்தான்.

அவனுக்கு போன் போட்டேன். "நீ சொன்னதுதான் சரி மாசாணம், வந்துரு."

"நெசமாலுமே அழுகலீங்களா?"

"வந்து நீயே பாரேன்."

"அழுகலைன்னா போதுமுங்கண்ணா. நான் வரலீங்க. அதுகளப் பாத்தா செத்ததுக நெனப்புத்தான் வரும்."