செத்தவன் மாவைத் தின்றவர்

எங்கள் முகாமில் அவருக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்கு நல்ல கண் இருந்திருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கிடங்கு வாசலில் மடக்கு மேசையைப் போட்டு உட்காருவார். குடும்பத்துக்கு ஒரு அட்டை. அட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை தலையும் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். தலைக்கு ஒன்றாக அந்த மாதத்துக் கட்டத்தில் டக், டக் என்று ஓட்டை போடுவார். அந்த ஓட்டைகளை எண்ணித்தான் உள்ளே நான் மாவும் பருப்பும் நிறுத்துப் போடுவேன், எண்ணெய் அளந்து ஊற்றுவேன். எனக்குத் தராசக்கா என்று பெயர். அவரும் நானும் மற்றவர்களைப் போல ஓடி வந்தவர்கள்தான். வேலை கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்துக்கொண்டோம்.

ஓடி வருவதற்கு முன்னால் அவர் கடையொன்றில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர். விரல் பத்திலும் தழும்பு. தகரமும் தார்ப்பாயுமாக வீடு கட்டி இருக்கிற இடத்தில் ஜன்னல் கண்ணாடி யாருக்கு வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியும், வாய் அதிகம் பேசாது என்று ஆபீஸ்காரர்கள் அவரை இந்த மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஆள் படு கறார். தன் சொந்த மச்சானுக்கே ஒரு மாதம் ஓட்டை போட மறுத்தவர். எங்கள் ஜனமும் லேசுப்பட்டதா? பக்கத்து வரிசையில் பிறந்த குழந்தையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு தடவை ஒரே குழந்தை துணியை மாற்றிக்கொண்டு மூன்றாம் முறையாக மேசைக்கு வந்தது. கண்டக்டர் அதன் கன்னத்தைத் தட்டி, "ஏண்டா ராஜா, காலையிலேர்ந்து இது உனக்கு மூணாவது அம்மா. பசிக்கலையா உனக்கு?" என்றார். வரிசையே சிரித்தது. தூக்கி வந்தவளும் சிரித்துவிட்டுப் போனாள். ஓட்டை மட்டும் விழவில்லை.

படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் வரிசைக்கு வர முடியாது. அவர்களுக்கு ஒரு வழி உண்டு. கண்டக்டரே வீட்டுக்குப் போய், கண்ணால் பார்த்து, அங்கேயே ஓட்டை போடுவார். எல்லாம் அதில்தான் வந்து மாட்டியது.

எனக்கு அடுத்த தடுப்பில் டெய்லர் இருந்தாள். கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டே எல்லை கடந்தவள். புருஷனுக்கு நெஞ்சுச் சளி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். பதிமூன்று வயதில் மகள், நாலு வயதில் மகன். அட்டையில் நாலு பேர். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மேசை வேலை முடிந்ததும் கண்டக்டர் அவனைப் பார்க்கப் போனார். அட்டையை வாங்கி வர நானும் கூடப் போனேன். போனால், அவன் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வரிசையில் மூன்று ஓட்டை விழுந்ததும் டெய்லர் முன்னால் வந்துவிட்டிருந்தாள், பிள்ளைகள் இன்னும் வீடு திரும்பவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பதினோரு மணி வரைக்கும் இருந்தாருண்ணே. நீங்க முதல்ல இங்க வந்திருந்தா இருந்திருப்பாரு" என்றாள்.

அது திட்டா கெஞ்சலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.  கண்டக்டர் குனிந்து அட்டையை வாங்கினார், நாலாவது ஓட்டையைப் போட்டார். "இந்த மாசம் இருந்தாருல்ல. இது அவருக்குச் சேர வேண்டியதுதான்" என்றார்.

திரும்பி வரும்போது என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அவர் இங்கே வந்து சேர்ந்த வாரமே அவர் மனைவி செத்துப்போனாள். அன்றைக்கே யாரோ வந்து அட்டையில் அவள் பேரை அடித்துவிட்டு, கொடுத்த மாவில் பாதியைக் கொட்டி எடுத்துக்கொண்டு போனார்களாம். "சட்டப்படி சரிதான். ஆனா அன்னைக்கேவா?" என்றார். பத்து வருஷத்தில் தன் வீட்டுக் கதை என்று அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் பேரை வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். அடுத்த மாதம் பார்த்து, மேலிடத்தில் காசு இல்லையென்று எல்லோருடைய பங்கையும் பாதியாக்கினார்கள். டெய்லர் பிள்ளைகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி இளைத்துப் போயிருந்தார்கள். 'படுக்கையில் பார்த்தேன்' என்று எழுதி மறுபடி ஓட்டை போட்டார். ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று, மூன்று மாதம் மூன்று வருஷமாயிற்று. இறந்தவர்களை எழுதும் நோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது. அட்டை நோட்டு எங்கள் ஆபீஸில் இருந்தது. இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் நாற்பது அடி தூரம், ஒருவர் நோட்டை ஒருவர் புரட்டியதில்லை. நானும் தெரிந்தே நாலு பங்கு நிறுத்துப் போட்டேன். தராசுக் கூடத்துக்குள் அட்டைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி, அதனால் பிள்ளைகளுக்கு எத்தனை பங்கு வருகிறது என்பது தெரியாது. அப்பாவை யாராவது கேட்டால் படுத்திருக்கிறார் என்று சொல்ல மட்டும் டெய்லர் மகளைப் பழக்கி வைத்திருந்தாள்.

இதற்குள் சின்னவனுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. ஏழு வயதுப் பையன், தட்டைத் தடவிச் சாப்பிடுவான். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கண் தேறும், இல்லையென்றால் கிடையாது, அந்த வசதி இங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்து ஒரு தூர தேசம் குடும்பத்தோடு கூப்பிட்டுக்கொள்ள முன்வந்தது. எங்கள் முகாமில் ஆயிரத்தில் ஒருவருக்கு அடிக்கிற யோகம் அது. டெய்லரைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

அப்புறம் விசாரணைக்கு அழைத்தார்கள். வெளியிலிருந்து வந்த அதிகாரியம்மா அட்டையைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டாள். பயத்தில் டெய்லர் வாயிலிருந்து பழகின பதில்தான் வந்தது. "படுத்த படுக்கையா இருக்காரு."

"சரி, வியாழக்கிழமை டாக்டரோட நாங்களே வந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டாள் அதிகாரியம்மா.

அன்று சாயங்காலம் டெய்லர் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"பாவி, அங்கேயாவது உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா பொய் அட்டைன்னு நாங்க வெளிநாடு போற ஃபைலையே மூடிடுவாங்களேக்கா. போன மாசம் மூணு குடும்பத்துக்கு அப்படித்தானே மூடினாங்க?"

அதுவும் நிஜம்தான். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. வேறொரு கிழவரைப் படுக்க வைக்கலாமா என்றுகூட நான் கேட்டேன். செத்தவன் கைரேகை ஆபீஸ் பதிவில் இருக்கிறதே! கையைப் பிசைந்துகொண்டு இருந்தோம்.

 கண்டக்டர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டவர் மாதிரிப் பேசினார்.

"நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன். அவரு செத்தது எனக்குத் தெரியும், பேரை வெட்டாம அந்தப் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். வெளியில சொன்னா அட்டையையே கிழிச்சுடுவேன்னு இந்தம்மாவை மிரட்டினேன். படுத்திருக்காருன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். அப்படிச் சொன்னா இவங்க மேல தப்பு வராது."

"அண்ணே!" என்று டெய்லர் பதறிப்போனாள். "எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டதா நான் எப்படிண்ணே வாய் கூசாம சொல்லுவேன்? மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"அன்னைக்கே நான் வெட்டியிருந்தா இந்தச் சிக்கலே இல்லம்மா. நான் செஞ்ச தப்புக்குப் பையன் கண்ணு போகணுமா?"

"உங்க ஃபைல் என்னாகும்?" என்று நான் கேட்டேன். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருந்துகொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொள்ளப் பதினோரு வருஷமாக மனுப் போட்டு, அது அப்போதுதான் கடைசி மேசைக்கு வந்திருந்தது.

"மூடிடுவாங்க" என்றார்.  என் பக்கம் திரும்பி, "உன்னையும் கூப்பிடுவாங்க. நிறுத்துப் போட்டது நீதானே. சாயங்காலமா கிடங்குக்கு வந்து ஒரு பங்கை எடுத்துட்டுப் போவாருன்னு சொல்லிடு. பிசகாம சொல்லு. பிள்ளைங்களுக்கு மட்டும் உண்மை தெரியவே கூடாது. அவங்களைத் தனித்தனியா உட்கார வச்சுக் கேட்பாங்க" என்றார். டெய்லர் குடும்பத்துக்கு அங்கே நிரந்தரக் குடியுரிமை வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னால் விஷயம் வெளியே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

மறுநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிகாரியம்மா கேட்டாள்: "நாலு பங்கு நிறுத்தது நீங்கதானே? அதுல ஒரு பங்கை எடுத்தது யாரு?"

 பையன் தட்டைத் தடவுகிற கை கண்ணுக்குள் வந்து நின்றது.

"இவருதான்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"பயம்மா" என்றேன். பயந்தவள் மாதிரியே அழுகை வந்துவிட்டது. நடிக்கத் தேவையே இருக்கவில்லை. என்னை ஒரு திட்டுத் திட்டி வேலையில் விட்டு வைத்தார்கள். அவரை அன்றைக்கே மேசையிலிருந்து இறக்கினார்கள். ஒரு வாரத்தில் அவர் ஃபைலையும் மூடினார்கள். டெய்லர் குடும்பத்தை மூன்று பேராக எழுதி, பாதிக்கப்பட்டவர்கள் என்று முத்திரை போட்டு அனுமதித்தார்கள்.

முகாமுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. செத்தவன் மாவைத் தின்றவன் என்று வரிசை வரிசையாகப் பேச்சு. மச்சான்காரனுக்குப் பழைய வஞ்சம் வேறு. ஓட்டை கிடைக்காமல் போன ஒவ்வொருத்தரும் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். குழந்தையைக் கடன் வாங்கி வந்தவள்கூட! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

அவர்களை ஏற்றிப் போகப் பஸ் வந்த அன்று கண்டக்டர் கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரின் மகள் அவரைப் பார்த்துவிட்டாள். பதினாறு வயது. பஸ் படியிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள். "நாங்க பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தப்ப எங்கப்பா பங்கைத் தின்னீங்களே, செரிச்சுதா?" என்று கேட்டு முகத்தில் துப்பினாள். பஸ்ஸுக்குள் டெய்லர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுவதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் முடியாது, என்னாலும் முடியாது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் போன பிறகு என்னிடம், "பொண்ணு நம்பிட்டா. நல்லது. அங்க போயி யாரு கேட்டாலும் இனி மாத்திச் சொல்லமாட்டா" என்றார். நான் ஓடிப்போய்க் கிடங்கின் பின்னால் நின்று அழுதேன்.

பையனுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் முழுசாகவும் இன்னொன்று பாதியும் தேறியது. டெய்லர் போனில் சொன்னதை அவரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "வாசிக்கிறானாமா?" என்று கேட்டார். வாசிக்கிறான் என்றேன்.  அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒற்றைத் தலை அட்டையோடு எல்லோரும் நிற்கிற வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் ஓரடி தள்ளியே நிற்பார்கள்.  ஒரு தடவை அவர் மாவை நிறுக்கும்போது ஒரு கரண்டி கூடுதலாக விழுந்துவிட்டது. "அளவா போடும்மா" என்று அதையும் திருப்பிக் கொட்டினார்.

போன புதன்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதி முடித்துவிட்டு, தூக்க நாலு பேரை ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நான் வரிசை வரிசையாகக் கதவைத் தட்டினேன். முதுகு வலி என்றான் ஒருவன். வேலைக்கு நேரமாச்சு என்றான் இன்னொருவன். மச்சான் வாசலை விட்டே இறங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "செத்தவன் மாவைத் தின்னவனுக்கு நான் தோள் குடுக்கணுமா தராசக்கா?" என்றான்.

டெய்லர் குடும்பத்துக்குக் குடியுரிமை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். எதற்கு என்று எனக்கே தெரியும். அவர் கெட்டவர் ஆனதில் என் வேலை தப்பியிருந்தது.

"அவரு ஒரு பிடி தின்னலடா!" என்று கத்தினேன். குழாயடியே திரும்பியது. "மூணு வருஷமும் நாலு பங்கு நிறுத்து டெய்லர் பையில போட்டவ நான். எல்லாமே அந்தப் பிள்ளைங்க வயித்துக்குத்தான் போச்சு. பையன் கண்ணுக்காகப் பழியை வாங்கிக்கிட்டாரு அந்த மனுஷன்."

 சீட்டுக்காரன் மெதுவாக எழுந்து என் எதிரில் வந்து நின்றான்.

"அப்ப அன்னைக்கு ஆபீஸ்ல, அவருதான் எடுத்தாருன்னு சாட்சி சொன்னது யாருக்கா?"

"நான்தான்" என்றேன்.