அப்பா போட்டுக்கொள்ளாத ஊசி

பெயிண்டில் ஊற்றும் தின்னரும் வேங்கை மரத்தூளும் கலந்த நெடி, அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் வந்துவிடும். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் "பட்டறை" ஒன்றில் அவர் மரவேலைக்காரர். எனக்கு அப்போது ஒன்பது வயது; நான்காம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை விட்டிருந்தார்கள்.

அந்த விடுமுறையில் ஒருநாள், பழைய லாரியின் உளுத்த அடிப்பலகையைப் பெயர்க்கும்போது அது சரிந்து, கூட வேலை பார்த்த முருகேசண்ணனின் தொடையைக் கிழித்துவிட்டது. அதே பலகையில் நீட்டிக்கொண்டிருந்த துரு ஆணி அப்பாவின் உள்ளங்கையிலும் இறங்கியிருந்தது. முருகேசண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்பாதான். முருகேசண்ணனுக்குத் தையல் போட்டு, ரணஜன்னி வராமல் தடுக்கும் "டிடி ஊசி"யும் போட்ட நர்சம்மா அப்பாவின் கையைப் பார்த்து, "ஏனுங்க, உங்களுக்கும் ஒண்ணு போட்டுரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இது என்னுங்க, முள்ளுக் குத்துனாப்பல. அவனப் பாருங்க மொதல்ல" என்று சொல்லி அப்பா கையை மடக்கிக்கொண்டாராம். இது, எல்லாம் முடிந்தபிறகு முருகேசண்ணன் எங்கள் வீட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதபடி சொன்னது.

எட்டு நாளில் கைக்காயம் ஆறியே போயிருந்தது. ஒன்பதாம் நாள் காலை களி உருண்டையை வாயருகே கொண்டுபோன அப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்து அம்மா கிராம்பு வைத்தாள். சாயங்காலத்துக்குள் கழுத்தும் முதுகும் விறைத்துக்கொள்ள, நாமக்கல்லில் பார்த்த டாக்டர், "ரணஜன்னியாட்டம் தெரியுதுங்க, உடனே சேலத்துக்குக் கொண்டுபோயிருங்க" என்று அவசரப்படுத்தினார். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். காயம்பட்ட அன்றே போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம், நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை இனி எந்த ஊசியாலும் இறக்க முடியாது, மேற்கொண்டு ஏறாமல்தான் தடுக்கப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார்களாம்.

நான்காம் நாள் என்னைப் பார்க்க விட்டார்கள். சன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய இருட்டறை அது. வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் வலிப்புபோல "இழுப்பு" வந்துவிடும் என்பதால் நர்சுகள்கூட வெறுங்காலோடு நடந்தார்கள். கதவருகே அம்மா குனிந்து என் கொலுசுகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "பேசாம பாத்துட்டு வந்தரோணும், சாமி" என்றாள். நான் தலையாட்டினேன். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அது சிரிப்பல்ல, நோய் அவர் முகத்துத் தசைகளை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அறியும் வயதில்லை எனக்கு. குணமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் "அப்பா!" என்று கத்திவிட்டேன்.

அவர் உடம்பு வில்லாக வளைந்து கட்டிலைவிட்டு மேலெழும்பியது. நர்ஸ் ஒருவர் என்னை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். "உன்னால இல்ல கண்ணு, அந்த நோவு அப்படி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு மூன்றாம் நாள் அப்பா இறந்துபோனார். நான் கத்தியதைப் பற்றி அம்மா தன் காலம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை; ஒருமுறை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியதுண்டு. அதன்பின் பள்ளியில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூட எனக்குக் குரல் எழவில்லை. டீச்சர்கள் என்னை "ஊமைச்சி" என்றார்கள்.

போன மாதம், பத்து வயதில் போடும் ரணஜன்னித் தடுப்பூசிக்காக மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மாவிடம் என்னையறியாமல் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "அந்த நோய்ல ஒருத்தரையும் நான் பாத்ததில்லீங்க, பாடத்துல படிச்சதோட சரி" என்றார் அவர். பார்க்காமலே இருக்கட்டும். சேலத்தில் அந்த இருட்டறையும் இப்போது இல்லை. துணிகளை அவிழ்த்து, விளக்குப் போட்டு, வேறு எதற்கோ வைத்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அறை இனித் தேவைப்படாமல் போனது நல்லதுதான். ஆனால் அப்பாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்த இடம் அது.