தேரா வீட்டுச் சுவர்

ஃபிளாரன்ஸின் அந்தப் பெரிய ஓவியக் கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எந்தப் படத்தின் முன்னாலும் யாராவது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியம் படிக்க இத்தாலிக்கு வந்து எட்டு மாதம் கழித்துக் கிடைத்த டிக்கெட். கூச்சப்படாமல் இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

எங்கு பார்த்தாலும் முகங்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பெண்கள், வெட்கப்பட்டும் சலித்துக்கொண்டும் நின்றார்கள். என் உம்மா முகம் வரையவே மாட்டாள். துபாய் தேராவில், வாப்பாவின் மசாலாக் கடைக்கு மேலே எங்கள் ஒற்றை அறை வீடு. எனக்கு ஆறு வயதில் அந்தச் சுவரில் கிரேயானால் ஒரு அப்ரா படகு வரைந்து கொடுத்தாள். அது நிறைய ஆட்கள் க்ரீக் கழியைக் கடக்கிறார்கள், ஒருவருக்கும் முகம் இல்லை.

"உசிரு குடுக்க நம்மளால ஆவாது. முகம் வேணாம்மா," என்றாள்.

அவள் தூங்கியபோது ஒருத்திக்கு மட்டும் கண்ணும் வாயும் வரைந்து, எழுந்ததும் இது நீதான் என்று காட்டினேன். உம்மா திட்டவில்லை, அழிக்கவும் இல்லை. இரண்டு வருடத்தில் இறந்துபோனாள். அதன்பின் அந்தச் சுவரில் பெயிண்ட் அடிக்க வாப்பா யாரையும் விட்டதில்லை.

மூன்றாவது கூடத்தில் நிற்கும்போது வாப்பாவின் போன் வந்தது. கடையை மூடி, விசாவை ரத்து செய்து, அந்த வாரம் அவர் கீழக்கரைக்கே திரும்புகிறார். வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கப்போகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஒரு அஞ்சு நிமிஷம் வீடியோல வாம்மா," என்றார்.

"மியூசியத்துல நிக்கிறேன் வாப்பா. அப்புறம் கூப்பிடுறேன்."

"இல்லம்மா, இவங்க வந்து நிக்கிறாங்க..."

கட் செய்தேன். மறுபடி இரண்டு முறை அடித்தது. சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன். பிறகு இரண்டு மணி நேரம், உதட்டோரத்தில் நிழலை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று குறிப்பெடுத்தேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். காலி அறை. சுவர் முழுக்க வெள்ளை, இன்னும் காயவில்லை. பெயிண்ட் அடித்துத்தான் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் செய்வது. அங்கேயே வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. சுவர் எங்கே போய்விடும் என்று நானும் ஒரு போட்டோகூட எடுத்து வைத்ததில்லை.

"போட்டோ எடுத்தீங்களா வாப்பா?"



"நீ பாப்பேன்னு ஒனக்கே போன் போட்டுக்கிட்டு நின்னேம்மா. போட்டோ எடுக்கத் தோணல. பெயிண்ட் அடிக்க வந்தவங்க ஜல்தி ஜல்தின்னு நின்னாங்க. கலாஸ், அடிச்சு முடிச்சுட்டாங்க."

என் மேல் வந்த கோபத்தை அவர் மேல் கொட்டினேன். கையில போன வச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கத் தெரியாதா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"தப்புதாம்மா," என்றார். பிறகு, "அங்க படமெல்லாம் நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொன்னேன்.