ஊசியக்காவின் ஈறு

ஃபோமை அறுக்கும்போது அவள் கத்தியை நேராகப் பிடிப்பதே இல்லை. ஓரத்தில் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குறி வைப்பாள். புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. பிறகு கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு. நேராக அறுத்தால் மேலே ரெக்சின் போர்த்தியதும் படிக்கட்டு மாதிரி விளிம்பு தெரியும், உட்காருகிறவர் தொடையில் உறுத்தும். "ஓரம் தெரிஞ்சா அது மெத்தையா மொதலாளி? பலகை" என்பாள். சொல்லும்போதே இடது கை தானாக வாய்க்கு முன்னால் வந்து நிற்கும்.

எங்கள் பட்டறையில் பல் ஆஸ்பத்திரி நாற்காலிகளைப் பழுது பார்க்கிறோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரே ஒரு திருப்புளியோடு தொடங்கினேன், இன்றைக்குப் பதினான்கு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். எந்தப் பல் டாக்டரின் நாற்காலி ஏறமாட்டேன் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த நாற்காலிகளுக்கெல்லாம் மெத்தை தைக்கிறவள் இவள். வயது நாற்பத்திரண்டு. பட்டறையில் பெயர் ஊசியக்கா. பிடிப்பதும் ஊசி, பேசுவதும் ஊசி. கோணலாக ஆணி அடித்தவனிடம், "அந்தக் கைய கொஞ்சம் காட்டு தம்பி, கண்ணுல ஒத்திக்கிறேன்" என்பாள். அவள் வீட்டுக்காரர் எங்கள் வெல்டர். அவரையும் விடமாட்டாள். "இவரு பத்த வச்சா இரும்பு ஒட்டும். நான் சொல்றது மட்டும் காதுல ஒட்டாது."

இத்தனை பேச்சும் கைக்குப் பின்னாலிருந்துதான் வரும். காரணம் அவளுடைய ஈறு. மேல் முன்பற்களை அது மூடிக்கொண்டே வந்து, பல் என்று பார்த்தால் அரிசி முனை அளவுதான் வெளியே தெரியும். ரொட்டி கடித்தால்கூட ரத்தம். என் வாழ்க்கையில் நான் தப்பாகச் சொன்னது மிகக் குறைவு, அதில் இது ஒன்று. "சரியா வெளக்கறதில்ல நீ" என்று நல்ல முரட்டு பிரஷ் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் தேய்த்துத் தேய்த்து வாயைப் புண்ணாக்கிக்கொண்டாள், பாவி மகள்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஈறு டாக்டரம்மா. நான் பொருத்திய நாற்காலிதான் அவரிடம் இருக்கிறது, அந்த உரிமையில் நேராக உள்ளே கூட்டிப்போனேன். வாயைத் திறந்து பார்த்தவுடன், "வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். ஊசியக்கா மிரண்டு என்னைப் பார்த்தாள். எட்டு வருடமாகச் சாப்பிடுகிறாள், ஆறு வருடமாக வலிப்பு இல்லை. அந்த மாத்திரைதான் சிலருக்கு ஈறை இப்படி வளர்த்துவிடுமாம். நரம்பு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஈறு கொஞ்சம் வடிந்தது, மீதி அப்படியே நின்றது. அதிகமாக உள்ள சதையை வெட்டித்தான் எடுக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் முன்பல் ஆட ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டரம்மா.

வெட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் ஊசியக்கா எழுந்து போய்விட்டாள். இரண்டாவது தடவை மரத்துப்போகப் போடுகிற ஊசியைக் கண்டதும் ஓட்டம். நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள்! "அவசரத்துல ஒரு பல்லையும் சேத்து அறுத்துட்டா? ஆயுசுக்கும் கஞ்சியா குடிக்கிறது?" என்று பட்டறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். வெல்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

மூன்றாவது தடவையும் நானே அழைத்துப் போனேன். நாற்காலியில் ஏறினாள். படுக்கவில்லை. கையை மெத்தைக்கு அடியில் விட்டுத் தடவினாள். "என் தையல்தான்" என்றாள். முந்நூறு மெத்தை தைத்தவள், ஒன்றில்கூட முழுசாகச் சாய்ந்து படுத்ததில்லை. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா."

"கேளுங்க."

"குறி போட்டுத்தானே வெட்டுவீங்க? இல்ல, கண்ணளவா?"

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். "குறி போடாமயா? ஈறுக்கு உள்ள எவ்வளவு ஆழம்னு அளந்து, வெளிப்பக்கம் புள்ளி வைப்பேன். பல்லுக்குப் பல்லு. அந்தப் புள்ளிங்கள வச்சுத்தான் கோடு."

"கத்திய நேரா வைப்பீங்களா, சாய்ச்சா?"

நான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

"சாய்ச்சுத்தான். நேரா வெட்டினா விளிம்பு தடிச்சு நிக்கும், சாப்பாடு போய்த் தங்கும். பல்ல ஒட்டிச் சரிஞ்சு வரணும் ஈறு. யாரு சொல்லிக் கொடுத்தாங்க உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? ஓரம் தெரியக் கூடாதுல்ல?" என்றாள் ஊசியக்கா. பிறகு படுத்தாள். வாயை அகலத் திறந்தாள். "ம், வெட்டுங்க."

டாக்டரம்மா என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் அசையவில்லை. நாற்காலி பாதியில் நின்றுவிட்டால் யார் பார்ப்பது? முக்கால் மணி நேரம். பல் ஒவ்வொன்றும் வெள்ளையாக எட்டிப்பார்க்கப் பார்க்க, எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கடைசியில் ரோஜா நிறத்தில் களிமண் போல ஒன்றை ஈறு மேல் அப்பி, ஒரு வாரம் இருக்கட்டும் என்று அனுப்பினார். அந்த ஒரு வாரமும் பட்டறையில் பேச்சு இல்லை. எல்லாம் சீட்டு. ஒரு சீட்டில் எனக்கு எழுதியிருந்தாள்: "மொதலாளி, பேசாம இருக்கேன்னு சந்தோசப்படாதீங்க."

எட்டாம் நாள் அந்தப் பூச்சை எடுத்தார்கள். டாக்டரம்மா கருவியின் பிடியால் முன்பல் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். ஊசியக்கா நாற்காலியின் கைப்பிடியை நசுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் ஆடல. எல்லாம் கெட்டி."

கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு நீளமா இதெல்லாம்? யாரோடது?"

"உங்களோடதுதான். இத்தன நாளா உள்ள இருந்துச்சு. தெனமும் மெதுவா வெளக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும். விட்டா மறுபடி வளரும்."

வெளியே பெஞ்சில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, இவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கவே வெட்கம். ஒரு நொடி பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"ம்."

"என்ன ம்? பாத்தீங்களா முதல்ல?"

"பாத்தேனே..."

"எங்க பாத்தீங்க? இருட்டுல!"

அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டும்வரை அப்படியே நின்றாள்.