நீர்ச்சறுக்கு மூடியிருந்த வாரம்

எனக்கு ஒன்பது வயதில் என் மாமா என்னை ஏமாற்றினார். அம்மாவும் அதற்கு உடந்தை.

மாமா அம்மாவின் தம்பி. சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மெக்கானிக்காக இருந்தார். என்னைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அம்மா துணி காயப்போடும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு காதை விரலால் அடைத்தபடி அவரோடு பேசுவாள். 'சாப்பிட்டியா' என்று தொடங்கி 'சாப்பிடு' என்று முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

ஒரு நாள் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். அந்தக் காலத்தில் எங்கள் தீவில் ஒரு நிமிட வீடியோ இறங்க ஒரு பகல் போய்விடும். சாயங்காலம் இறங்கி முடிந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து ஒரு நீலக் குழாய் வளைந்து வளைந்து இறங்கியது. அதற்குள்ளிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வழுக்கி வந்து குளத்தில் விழுந்தார்கள். நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். எங்களுக்குச் சுற்றிலும் கடல், ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். அரை மணி நேரத்தில் எல்லா வாளியையும் நிரப்பிவிட வேண்டும். அங்கே என்றால் ஒரு காரியமும் இல்லாமல் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது சும்மா விளையாடுவதற்கான தண்ணீர் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த வருஷம் அம்மாவுக்கு ஊருக்குப் போய்வர அலுவலகத்தில் சலுகை கிடைத்தது. அது சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் வரும். மாமா போனில் என்னைக் கூப்பிட்டார்.

"குட்டி, நீ வா. பார்க்கையே உனக்குத் திறந்து காட்டறேன்."

அபர்தீன் பஜாரில் அப்பா எனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு நீச்சல் உடை வாங்கித் தந்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஜூலை மாத மழையில் அம்மாவும் நானும் கப்பல் ஏறினோம். மூன்று நாள் பயணம். வழக்கமாக அம்மா கப்பலில் தலையே தூக்க மாட்டாள், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பங்க் படுக்கையில் சுருண்டு கிடப்பாள். அந்த முறை கடைசி நாள் விடிந்ததிலிருந்து மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சறுக்கின் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுக வாசலில் மாமா நின்றிருந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இப்படி இளைச்சுட்ட?"

"நீதான்க்கா குண்டாயிட்ட" என்றார் மாமா.

அவர்களுடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டவர். தம்பிக்குத் தலை வாரியதும், சோறு போட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் எல்லாம் என் அம்மாதான். தம்பி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம் அவளுக்குக் கல்யாணமாகிக் கப்பல் ஏறிவிட்டாள். இந்தக் கதை எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்துக் கதைகள் தெரிந்த மாதிரி தெரியும்.

மறுநாள் பார்க்குக்குப் போனோம். உடுப்புக்குள் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பலகை. அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பருவகாலப் பராமரிப்புக்காக நீர் விளையாட்டுகள் இயங்காது என்று போட்டிருந்தது.

"பராமரிப்புன்னா என்னம்மா?"

"பார்த்துக்கறது."

"யாரை?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா செருப்பைப் பார்த்தார்.

"சறுக்கைத்தான் குட்டி. கொஞ்ச நாளைக்கு மூடி வச்சிருக்கோம்."

"பந்த்தா? மூடிட்டீங்களா?" என்றேன், எங்கள் தீவு இந்தியைக் கலந்து. "அப்ப எதுக்கு வரச் சொன்னீங்க?"

மாமா என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "ஏப்ரல், மே மாசம் வந்திருந்தா நீ சறுக்கியிருப்ப. ஆனா உங்கம்மாவ நான் கண்ணால பார்த்திருக்க முடியாது. கூட்டம் இருக்கற மாசத்துல காலைல ஏழு மணிக்கு வந்தா வீடு போக ராத்திரி பத்தாயிடும். ஒரு நாள் லீவு கிடையாது. இப்பன்னா நாலு மணிக்கு விட்டுடுவாங்க."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். முன்னாடியே வந்திருந்தால் சறுக்கியிருக்கலாம். இவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தே அழைத்து வந்திருக்கிறார்கள்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்கை நிஜமாகவே திறந்து காட்டினார். பம்ப் அறையில் மோட்டாரைக் கழற்றிப் பலகை மேல் பரப்பியிருந்தார்கள். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலைந்து பெண்கள் அடியில் உட்கார்ந்து பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வடிகட்டித் தொட்டியிலிருந்து கறுத்துப்போன மணலை அள்ளி வெளியே கொட்டினார்கள். சறுக்குக் கோபுரத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, துருப்பிடித்ததைக் கழற்றிப் புதிது மாட்டினார் ஒருவர்.

"உங்க ஊர்க் கப்பல் பழுது பார்க்க டிரை டாக் போகுமில்ல, அது மாதிரிதான் இது" என்றார் மாமா.

"டிரை டாக் போனா ஆறு மாசம் வராதே."

"இது மூணு வாரம்தான்."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. நாங்கள் இருக்கப்போவது ஒன்பது நாள்.

நீலக் குழாயின் கீழ் வாய்க்கு அழைத்துப் போய் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். குழாய் ஒரே துண்டு இல்லை, பல துண்டுகளைச் சேர்த்து முடுக்கியது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது.

"கண்ணுக்குத் தெரியுதா?"

"இல்ல."

"கைக்குத் தெரியுதில்ல? நீ வர்ற வேகத்துல உன் முதுகுக்கு இன்னும் நல்லாத் தெரியும். கோடை பூரா ஓடினதுல அங்கங்க பசை விட்டிருக்கும், விரிசல் விட்டிருக்கும். இறங்கித் தடவிப் பார்க்கணும்னா தண்ணி இருக்கக் கூடாது. தண்ணிய வடிக்கணும்னா ஜனம் வரக் கூடாது. அதான் கூட்டம் இல்லாத மாசமாப் பார்த்து மூடறது."

நியாயம் எனக்குப் புரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. ஆறு நாள் மாமாவோடு நான் பேசவில்லை. அவர் தினமும் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து, அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். நான் முன்னறையில் டிவியைச் சத்தமாக வைப்பேன்.

கிளம்ப வேண்டிய நாளில் கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று தகவல் வந்தது. தீவுக்காரர்களுக்கு இது புதிதில்லை. மாமா அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குத் தண்ணி விட்டுப் பார்க்கறோம். வரியா?"

அதுதான் ஆறு நாளுக்குப் பிறகு நான் அவருக்குச் சொன்ன முதல் பதில். "வரேன்."

மறுநாள் பகலில் அம்மாவும் நானும் போய் நிற்க, மோட்டாரைப் போட்டார்கள். குழாயின் மேல் வாயில் முதலில் காற்றுச் சத்தம் வந்தது. பிறகு வீடியோவில் பார்த்த அதே தண்ணீர் வளைவுகளில் சுழன்று இறங்கி, காலிக் குளத்தின் தரையில் பரவியது. ஆள் எடைக்கு ஒரு மணல் மூட்டையை இரண்டு முறை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் ஒழுங்காக வந்து விழுந்தது. நான் மேல் உடுப்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் உடையோடு நின்றேன். மாமாவின் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குளம் நிரம்பட்டும். அப்புறம் குழந்தை ஒரு தடவ போகட்டும்ப்பா. நாளைக்குக் கப்பல் ஏறப் போகுது."

மாமா கோபுரத்துக்கு அடியில் போனார். டார்ச்சை அடித்தபடி ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வேறு கையை வைத்துப் பார்த்தார்.

"வேணாம் சார். நாலாவது இணைப்புல கசியுது."

"எவ்வளவு?"

"சொட்டுச் சொட்டாத்தான். ஆனா பசை பிடிக்கல. மறுபடி கழற்றிப் போடணும்."

சூப்பர்வைசர் கையை விரித்தார். மோட்டாரை நிறுத்தினார்கள். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஓடி வந்து தீர்ந்தது.

"மாமா ஜூட்டா ஹை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்னக்கா சொல்றா?"

பொய்க்காரர் என்று நான் சொன்னது அங்கே அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பசிக்குதாம்டா" என்றாள்.

அம்மா மாமாவுக்காகக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். குளத்தின் விளிம்புக்கு இருவரும் போனார்கள். அடியில் அரையடித் தண்ணீர்தான் சேர்ந்திருந்தது. படிக்கட்டு வழியாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து அதில் கால் வைத்துக்கொண்டார்கள். நான் தூரத்தில் ஒரு சிமெண்ட் காளான் குடையின் கீழ் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மாமா ஏதோ சொன்னார், அம்மா சிரித்தாள். நான் அறிந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள். இது வேறு யாரோ சிரிப்பது போலிருந்ததால் திரும்பிப் பார்த்தேன். அவள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் தண்ணீரை எத்தித் தம்பியின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க்கா, குழம்பு, குழம்பு" என்று கெஞ்சினார்.

"வாடி, தண்ணி நல்லா இருக்கு" என்று அம்மா கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. அரையடித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் வரை அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் மாமா துபாய்க்குப் போய்விட்டார். அங்கேயும் பூங்கா வேலைதான். அவருக்கு லீவு கிடைத்த வருஷங்களில் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அம்மா ஊருக்குப் போன வருஷங்களில் அவர் வரவில்லை. அப்பாவின் அறுவை சிகிச்சை, கப்பல் டிக்கெட், கொரோனா என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று. இப்போது இணையம் நன்றாக இருக்கிறது, தினமும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்து வருஷங்கள் ஓடிவிட்டன. நான் கார் நிக்கோபாரில் வேலை பார்க்கிறேன். போர்ட் பிளேருக்குப் போக டிக்கெட் கிடைக்காத வாரங்களில் அம்மாவுக்கு நானும் ஒரு குரல்தான்.

அந்த ஜூலையில் சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது அப்பா படகுத்துறைக்கு வந்திருந்தார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"சப் பந்த் தா அப்பா, எல்லாம் மூடிக் கிடந்துச்சு. ஒன்னுமே பார்க்கல. எல்லாம் வேஸ்ட்" என்றேன்.

அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. கப்பலின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்க வேண்டிய மூட்டை எதையோ உள்ளே மறந்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, எங்களுடைய பைகளை நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொன்னேன்.

"எல்லாம் வந்துடுச்சும்மா" என்றேன்.